திருகோணமலையில் வற்றுப்பெருக்கை அளந்து, மாதிரியமைத்து, சோதிப்பது எப்படி

திருகோணமலைக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் பறுவத்தன்றும் அமாவாசையன்றும்கூட ஒரு மீற்றரை எட்டுவதில்லை. அட்டமி நாட்களில் அது இன்னும் சுருங்கிவிடும். அளக்க வேண்டிய அசைவு இவ்வளவு சிறியதாக இருப்பதால் கருவியின் வழுவைப் பொறுத்துக்கொள்ள இடமில்லை. ஐந்து மீற்றர் ஏறி இறங்கும் கடலில் 4 சென்ரிமீற்றர் வழுவை யாரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே அதே 4 சென்ரிமீற்றர், கடலின் ஒரு கூறு (ஒன்றுசேர்ந்து வற்றுப்பெருக்கை உண்டாக்கும் அலைகளில் ஒன்று) போல வேடமிட்டு உங்கள் மாதிரிக்குள் நுழைந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் கணக்கை விடக் குழாய்க்கும் வெயிலுக்கும் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

உயர்தரப் பௌதிகவியல் மாணவரும் பல்கலைக்கழகச் செயற்றிட்டக் குழுவும் செய்யக்கூடிய வேலை இது. கடலில் நிலைக்குத்தாக நிறுத்திய குழாயின் மேல்முனையில் உணரி ஒன்றைப் பொருத்தி, அது அனுப்பும் ஒலி உள்ளே நிற்கும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தை அளக்கப்போகிறோம். 45 நாள் தொடர்ந்து பதிவு வேண்டும். முதல் 30 நாள் மாதிரியை அமைக்க, கடைசி 15 நாள் அதைச் சோதிக்க.

இடம்

டச்சுக் குடாவும் பின்குடாவும் வெளிக்கடலுக்குத் திறந்தவை. அலை அதிகம், வாடைக்காற்றுக் காலத்தில் குழாயே பிடுங்கிக்கொண்டு போகும். உட்துறைமுகத்தின் பக்கம் நீர் அமைதியாக இருக்கும். ஆனால் அங்கே துறைமுக அதிகாரசபையின் இடமும் கடற்படையின் இடமும் நிறைய உண்டு. எழுத்தில் அனுமதி வாங்காமல் பெட்டியும் வயரும் கட்டிய குழாய் ஒன்றை எந்த இறங்குதுறையிலும் பொருத்தாதீர்கள். மீன்பிடி இறங்குதுறை என்றால் அங்குள்ள சங்கத்தாரிடமும் சொல்லிவையுங்கள். கருவியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளப்போவது அவர்கள்தான்.

எந்த வற்றிலும் அடியில் குறைந்தது ஒரு மீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். படகு உரசாத பக்கமாகவும் கொங்கிறீற்றுத் தூண் உறுதியானதாகவும் இருக்க வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மட்டத்தை உயர்த்தும், அதைச் சந்திரனின் கணக்கில் எழுத முடியாது.

குழாய்

4 அங்குல பீவீசீ குழாய், 3 மீற்றர், இடையில் ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக. ஒட்டுப் போட்டால் உள்ளே வரும் விளிம்பு எதிரொலியைத் தரும். தண்ணீர் எங்கே நின்றாலும் உணரி அந்த விளிம்பின் தூரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அடிப்பக்கத்தை மூடியால் அடைத்து, மூடியின் நடுவில் ஒரேயொரு துளை போடுங்கள். துளையின் விட்டம் குழாயின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிமீற்றர் அளவு.

துளை ஏன் இத்தனை சிறியது? வெளியே 5 செக்கன் ஆவர்த்தனத்துடன் 40 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும் அலையை இந்தத் துளை உள்ளே ஏறக்குறைய 2 சென்ரிமீற்றராகக் குறைத்துவிடும். வற்றுப்பெருக்கோ மிக மெதுவாக அசைவது. 25 சென்ரிமீற்றர் வீச்சமுள்ள அரைநாள் அசைவு அதிவேகமாக மாறும் நேரத்திலும் செக்கனுக்கு 0.035 மில்லிமீற்றர்தான். அதைத் துளை தடையின்றி விட்டுவிடும், உள் மட்டத்துக்கும் வெளி மட்டத்துக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே.

துளை சிறுத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டு வைத்திருப்பது நல்லது. இந்த மட்ட வித்தியாசம் துளை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும். விட்டம் பாதியானால் 16 மடங்கு, அப்போதும் பயமில்லை. ஆனால் சிப்பியும் பாசியும் பிடித்து 1 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் 2 சென்ரிமீற்றர் பின்தங்கும். அதற்குப் பிறகு முழுதாகவே அடைபடலாம். தடுக்கும் வழி செப்பு. ஏசி பொருத்துகிறவர்களிடம் மிச்சம் கிடக்கும் அரை அங்குலச் செப்புக் குழாயில் 2 சென்ரிமீற்றர் வெட்டி, அது இறுக நுழையும் அளவுக்கு மூடியின் துளையைப் பெருப்பித்து, அதையே துளைக்குள் இறுக்கிவிடுங்கள். செப்பின் மேல் சிப்பி இலகுவில் ஒட்டாது. அந்தச் செப்பு எந்த உருக்குக் கிளாம்பையும் தொடக் கூடாது. கடல்நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் உருக்கு விரைவாகத் துருப்பிடித்து அழியும்.

துளை மிகத் தாழ்ந்த வற்றுக்கும் 50 சென்ரிமீற்றர் கீழே, கடல் தரைக்கு 30 சென்ரிமீற்றராவது மேலே நிற்கட்டும். குழாயின் மேற்பகுதியில், உணரிக்குச் சற்றுக் கீழே, 6 மில்லிமீற்றர் காற்றுத் துளை ஒன்று கட்டாயம். அதை மறந்தால் உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் போல நின்று தண்ணீரை ஏறவிடாது. அந்தத் துளைக்கு நைலோன் வலை ஒட்டுங்கள். சிலந்தி உள்ளே போய் வலை பின்னினால் அதுவும் எதிரொலி தரும்.

குழாய் அணுவளவும் சாயக்கூடாது என்று பலர் தவிப்பார்கள். 3 பாகை சாய்ந்தால் 1.8 மீற்றரில் வழு இரண்டரை மில்லிமீற்றர், அதுவும் மாறாத வழு. கண்ணளவுக்கு நேராக நின்றால் போதும். கிளாம்ப் தளர்ந்து குழாய் நாளுக்கு நாள் இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. மூன்று இடத்தில் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் கிளாம்ப் போட்டு, குழாயின் விளிம்புக்கு நேரே தூணில் நிறப்பூச்சால் ஒரு கோடு கீறிவையுங்கள்.

உணரியும் பதிவும்

நீர்புகாத் தலையுள்ள கழியொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) உணரி போதும். கடையில் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்று கேட்டால் தருவார்கள். 40 கிலோஹேர்ட்ஸ் ஒலி என்பதால் காற்றில் அலைநீளம் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தலைக்குக் கிட்டிய 20 முதல் 25 சென்ரிமீற்றருக்குள் அது எதையும் பார்க்காது. மிக உயர்ந்த பெருக்கிலும் தண்ணீர் தலைக்கு 40 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வராதபடி பொருத்துங்கள்.

ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்திப் பலகை, டிஎஸ்3231 கடிகாரம், மைக்ரோ எஸ்டி அட்டை, டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி இரண்டு, பிஎம்பி280 அமுக்க உணரி ஒன்று. கழியொலி உணரி 5 வோல்ற்றில் வேலைசெய்தால் அதன் எதிரொலிக் கம்பியும் 5 வோல்ற்றைத் தரும். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ற்று. 1 கிலோஓம், 2 கிலோஓம் தடையிகளால் வோல்ற்றளவைப் பிரித்துக் கொடுங்கள். மலிவான டிஎஸ்1307 கடிகாரத்தை வாங்காதீர்கள். வெப்பநிலை மாறும்போது அது நாளுக்குச் சில செக்கன் பிழைக்கும். டிஎஸ்3231 ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் நிற்கும்.

ஒவ்வொரு 6 நிமிடத்துக்கும் ஒரு முறை விழித்து, செக்கனுக்கு ஒன்றாக 60 வாசிப்புகள் எடுத்து, அவற்றின் இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானத்தைப் பதியுங்கள். கூட்டிப் பிரித்த சராசரியைப் பதியாதீர்கள். தவறான எதிரொலி ஐந்து வந்தால் சராசரி கெட்டுவிடும், இடையம் அசையாது. கூடவே 60 வாசிப்புகளின் நியம விலகலையும் (அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பதியுங்கள். அது திடீரென உயர்ந்தால் காற்று எழும்பியிருக்கும், அல்லது தலையில் பனித்துளி பிடித்திருக்கும். இரண்டில் எது என்று நேரத்தைப் பார்த்தாலே தெரியும். பனித்துளித் தொல்லை விடியற்காலையில் வரும்.

நேரத்தை இலங்கை நேரமா, உலகப் பொது நேரமா என்று முதல் நாளே தீர்மானித்துக் கோப்பின் முதல் வரியில் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் 5.5 மணி நேர வழு. சந்திரனின் முதன்மை அரைநாள் கூறில் அது 159 பாகை அவத்தை மாற்றம். மாதிரி பெருக்கு என்று சொல்லும் நேரத்தில் கடல் ஏறக்குறைய வற்றி நிற்கும்.

வெயில்தான் முதல் எதிரி

உணரி தூரத்தை அளப்பதில்லை, ஒலி போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும்: 331.3 உடன் பாகை செல்சியசின் 0.606 மடங்கைக் கூட்டினால் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று வரும். 28 பாகையில் 348.3. கச்சான் அடிக்கும் நாளில் வெயிலில் நிற்கும் குழாய்க்குள் காற்று 40 பாகைக்குப் போனால் 355.5. வித்தியாசம் நூற்றுக்கு 2. தண்ணீர் 1.8 மீற்றர் கீழே நின்றால் இது 3.8 சென்ரிமீற்றர்.

இந்த வழு சும்மா சிதறும் இரைச்சல் அல்ல. நாள்தோறும் பகலில் வந்து இரவில் போவது, அதாவது 24 மணி ஆவர்த்தனம். கடலில் கே1 எனப்படும் நாட்கூறின் ஆவர்த்தனம் 23.93 மணி. இவை இரண்டையும் பிரித்தறிய ஓர் ஆண்டுப் பதிவு வேண்டும். 30 நாள் பதிவில் வெயிலின் வழு அப்படியே கே1 கூறுக்குள் போய் உட்காரும். பகல் வெப்பம் ஒழுங்கான சைன் வளைவு அல்லாததால் அதன் இரண்டாம் சுரம் (பாதி ஆவர்த்தனமுள்ள துணை அலை) சரியாக 12 மணியில் விழும். அது சூரியனின் எஸ்2 கூறைக் கெடுக்கும். மாதிரி அழகாகப் பொருந்தும், மீதி (அளவீட்டிலிருந்து மாதிரியைக் கழித்தால் எஞ்சுவது) சிறிதாக இருக்கும், பெறுமானங்கள் பிழையாக இருக்கும். இந்த வேலையில் மிக அதிகமாக ஏமாற்றும் இடம் இதுதான்.

செய்ய வேண்டியவை: குழாயின் நீருக்கு மேலான பகுதிக்கு வெள்ளை நிறம் பூசி, அதைச் சுற்றி இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு ஓலையோ வெள்ளைத் தகடோ நிழலாகக் கட்டுங்கள். வெப்பநிலை உணரியில் ஒன்றைக் குழாயின் மேலேயும் ஒன்றை உயர்ந்த பெருக்கு மட்டத்துக்குச் சற்று மேலேயும் வைத்து, இரண்டின் சராசரியால் வேகத்தைத் திருத்துங்கள். அதைவிடச் சிறந்த வழி, பக்கத்திலேயே இன்னொரு குட்டைக் குழாயில் அதே வகை உணரியைப் பொருத்தி, அடியில் சரியாக 1.000 மீற்றர் தூரத்தில் ஒரு தட்டை வைப்பது. அந்தத் தட்டின் தூரம் மாறுவதில்லை. ஆகவே அங்கே வாசிப்பு மாறினால் மாறியது ஒலியின் வேகமே. முதற்குழாயின் வாசிப்பை அதனால் வகுத்துவிடுங்கள். இந்தக் குட்டைக் குழாய்க்கும் அதே நிழல், அதே ஈரம் வேண்டும். நீராவி நிறைந்த காற்றில் ஒலி நூற்றுக்கு 0.5 அளவு வேகமாகப் போகும். தட்டின் பக்கத்தில் ஈரத் துணி ஒன்று கிடக்கட்டும்.

அமுக்க உணரியைத் தண்ணீருக்குள் இறக்கி அளப்பவருக்கு இந்த ஒலித் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. அயனமண்டலத்தில் வளியமுக்கம் காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உயரும். ஒரு ஹெக்டோபஸ்கல் (வளியமுக்க அலகு) ஒரு சென்ரிமீற்றர் தண்ணீருக்குச் சமம். கரையில் இரண்டாவது உணரி வைத்து வளியமுக்கத்தைக் கழிக்காவிட்டால் அதுவும் 12 மணிக் கூறாகவே வேடமிடும்.

கடலுக்குப் போகுமுன்

குழாயை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, அடியை அடைத்து, 10 சென்ரிமீற்றர் படிகளாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு படியிலும் உருக்கு அளவுநாடாவால் அளந்து, உணரியின் வாசிப்போடு வரைபு கீறுங்கள். பத்துப் புள்ளியாவது வேண்டும். படித்திறன் 0.99 இற்கும் 1.01 இற்கும் இடையில் வராவிட்டால் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இதைக் காலை 7 மணிக்கு ஒரு முறையும் மதியம் 1 மணிக்கு ஒரு முறையும் செய்யுங்கள். வெப்பத் திருத்தம் சரியென்றால் இரண்டு கோடுகளும் 5 மில்லிமீற்றருக்குள் பொருந்தும்.

பொருத்திய பின் தூணில் சென்ரிமீற்றர் கோடிட்ட பலகை ஒன்றை அறைந்து, அதன் பூச்சியத்தைத் தூணிலிருந்து தள்ளி உள்ள உறுதியான கொங்கிறீற்றில் ஒரு குறியோடு இணையுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர் ரியூப்பே இதற்குப் போதும், உள்ளே குமிழி மட்டும் இருக்கக் கூடாது.

பறுவத்துக்கு அல்லது அமாவாசைக்கு அடுத்த நாள் ஒரு முழுச் சுற்றுக்கு, 13 மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை பலகையைக் கண்ணால் வாசியுங்கள். கருவியின் மட்டத்திலிருந்து பலகையின் மட்டத்தைக் கழித்து, அந்த வித்தியாசத்தைக் கிடை அச்சிலும் பலகையின் மட்டத்தை நிலை அச்சிலும் குறியுங்கள். இது வான் டி காஸ்டீல் சோதனை. நிலைக்குத்தான நேர்கோடு வந்தால் எல்லாம் நலம். கோடு சாய்ந்தால் அளவுத்திட்ட வழு, பெரும்பாலும் ஒலிவேகம். புள்ளிகள் வளையமாகச் சுற்றினால் கடிகாரம் பிழை, அல்லது துளை அடைபட்டிருக்கிறது. 10 நிமிடக் கடிகார வழு 2 சென்ரிமீற்றர் வரை வித்தியாசம் காட்டும். ஒரே படத்தில் இத்தனை நோயையும் பிரித்துக் காட்டும் சோதனை வேறில்லை. அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கவே கூடாது.

மாதிரி

மட்டம் என்பது ஒரு சராசரியோடு பல கோசைன், சைன் அலைகளின் கூட்டு. ஒவ்வொரு கூறின் வேகத்தையும் வானியல் தருகிறது, அதை நாம் தேட வேண்டியதில்லை. மணிக்கு எத்தனை பாகை என்ற கணக்கில்: எம்2 (சந்திரனின் முதன்மை அரைநாள் கூறு) 28.984, எஸ்2 (சூரியனின் அரைநாள் கூறு) 30.000, என்2 (சந்திரனின் இன்னோர் அரைநாள் கூறு) 28.440, கே1 (நாட்கூறு) 15.041, ஓ1 (சந்திரனின் நாட்கூறு) 13.943. கூறுக்கு இரண்டு குணகமாகப் பத்து, சராசரியோடு பதினொன்று. 30 நாளில் 7200 அளவீடுகள். வித்தியாசங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் குணகங்களைத் தேடும் இழிவு வர்க்க முறை ஒரு செக்கனில் தீர்த்துவிடும். பைதன் நிரல்மொழியில் நம்பை என்ற நூலகம் போதும்.

இந்த ஐந்தும் 30 நாளில் ஏன் பிரியும்? எம்2 உம் எஸ்2 உம் பிரிய 14.77 நாள் வேண்டும், கே1 உம் ஓ1 உம் பிரிய 13.66 நாள், எம்2 உம் என்2 உம் பிரிய 27.55 நாள். அதனால்தான் மாதப் பதிவு. கே2 என்ற அரைநாள் கூறு, பி1 என்ற நாட்கூறு இரண்டையும் சேர்க்க ஆசை வரும். அவை எஸ்2, கே1 ஆகியவற்றிலிருந்து பிரிய 182.6 நாள் வேண்டும். குறுகிய பதிவில் சேர்த்தால் இரண்டு பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நிற்கும். பயிற்சித் தரவில் (மாதிரியை அமைத்த 30 நாளில்) பொருத்தம் கூடும், எதிர்வுகூறலில் கவிழும்.

நடைமுறையில் தடுக்கும் இடங்கள் சில. பாகையை ஆரையனாக மாற்ற மறப்பது முதலாவது. நேரத்தின் பூச்சியத்தைப் பதிவின் நடுவில் வையுங்கள். பதிவில் இடைவெளி இருந்தால் நேர்கோட்டால் நிரப்பாதீர்கள், இழிவு வர்க்க முறைக்குச் சம இடைவெளி தேவையில்லை, நிரப்பிய பொய்த் தரவுதான் கெடுக்கும்.

உண்மைத் தரவைக் கொடுக்குமுன் செயற்கைத் தரவைக் கொடுங்கள். உங்கள் பதிவின் அதே நேரங்களில், அதே இடைவெளிகளோடு, தெரிந்த வீச்சமும் அவத்தையும் கொண்ட கூறுகளைக் கூட்டி, 1 சென்ரிமீற்றர் இரைச்சல் தூவி, நிரலுக்குள் போடுங்கள். போட்டது திரும்பி வர வேண்டும். பிறகு 24 மணி ஆவர்த்தனத்தில் 3 சென்ரிமீற்றர் வெயில் வழுவைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். கே1 எவ்வளவு மாறுகிறது என்று பார்த்த பின் நிழல் கட்ட யாரும் சோம்பமாட்டார்கள்.

சோதனை

கடைசி 15 நாளை மாதிரிக்குக் காட்டவே கூடாது. தரவிலிருந்து எழுந்தமானமாக மூன்றில் ஒரு பங்கைப் பொறுக்கிச் சோதிப்பது இங்கே செல்லாது. 6 நிமிட அயலவர்கள் ஏறக்குறைய ஒரே எண், ஒன்றைப் பார்த்த மாதிரி மற்றதையும் பார்த்ததாகவே அர்த்தம். தொடர்ச்சியான 15 நாள், பயிற்சிக்குப் பின் வரும் நாட்கள்.

எதிர்வுகூறலுக்கும் அளவீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்க இடை மூலத்தை (வர்க்கங்களின் சராசரியின் வர்க்கமூலம்) எடுங்கள். அந்த எண் தனியே எதையும் சொல்லாது. இரண்டு எளிய போட்டியாளரோடு ஒப்பிடுங்கள்: மட்டம் எப்போதும் சராசரியே என்பது ஒன்று, 24 மணி 50 நிமிடத்துக்கு முன் நின்ற மட்டமே இப்போதும் நிற்கும் என்பது மற்றது. இரண்டாவதை வெல்லாத மாதிரி எங்கோ பிழை.

பிறகு மீதியை எடுத்து நான்கு வரைபுகள் கீறுங்கள்: நாளின் மணிக்கு எதிராக, குழாயின் வெப்பநிலைக்கு எதிராக, வளியமுக்கத்துக்கு எதிராக, திகதிக்கு எதிராக. மணிக்கும் வெப்பநிலைக்கும் எதிராக ஒழுங்கு தெரிந்தால் குற்றம் கருவியில். அமுக்கத்துக்கு எதிராக, ஹெக்டோபஸ்கலுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் இறங்கும் கோடு நாட்கணக்கான மாற்றங்களில் தெரிந்தால் அது கடலின் இயல்பு, ஒரு குணகமாக மாதிரியில் சேர்க்கலாம். திகதியோடு மெல்ல நகர்ந்தால் பருவக்காற்றோடு சராசரி மட்டம் மாறுகிறது, அல்லது கிளாம்ப் வழுக்குகிறது. தூணில் கீறிய கோட்டைப் போய்ப் பாருங்கள்.

மீதியில் சில பத்து நிமிட ஆவர்த்தனத்தில் அசைவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது குடாவே தாலாட்டுவது. திறந்த குடாவின் ஆவர்த்தனம், நீளத்தின் நான்கு மடங்கை ஆழத்தினதும் புவியீர்ப்பினதும் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். 10 கிலோமீற்றர் நீளமும் 20 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு குடாவுக்கு 48 நிமிடம். கொட்டியாரக் குடாவுக்குள் ஆழ்கடல் பள்ளத்தாக்கு நுழைவதால் ஆழம் ஓரிடத்துக்கு ஓரிடம் மிகவும் மாறும், சூத்திரம் அங்கே பருமட்டுக்குத்தான். மணிக்கு ஒருமுறை மட்டும் அளந்திருந்தால் இந்த அசைவு பொய்யான நீண்ட ஆவர்த்தனமாக முகம் மாறி வந்திருக்கும்.

6 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் இந்தக் கருவியை எச்சரிக்கைக் கருவியாக யாரும் நம்பக் கூடாது. 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரைக்கு வந்ததைப் போன்ற ஒன்றைப் பிடிக்க நிமிடத்துக்கு ஒன்றாவது வேண்டும், உடனுக்குடன் அனுப்பவும் வேண்டும். அது வேறு கருவி, வேறு பொறுப்பு.

பெற்ற குணகங்கள் நிரந்தரமானவையும் அல்ல. சந்திரப் பாதையின் 18.6 ஆண்டுச் சுழற்சியால் எம்2 வீச்சம் நூற்றுக்கு 4 அளவிலும் கே1 நூற்றுக்கு 11 அளவிலும் ஓ1 நூற்றுக்கு 19 அளவிலும் கூடிக் குறையும். அடுத்த ஆண்டுக்கும் எதிர்வுகூற விரும்பினால் இந்தத் திருத்தத்தோடு வரும் யூடைட் போன்ற நிரலைப் பயன்படுத்துங்கள்.

முதல் குழாய் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பின் இரண்டாவதைக் கிண்ணியாவுக்கு உள்ளே, தம்பலகாமக் குடாவில் வைத்துப் பாருங்கள். ஒடுங்கிய வாய் ஊடாகத் தண்ணீர் போய்வர வேண்டியிருப்பதால் எல்லாக் கூறுகளின் வீச்சமும் குறைந்து, பெருக்கு பிந்தி வர வேண்டும். அரைநாள் கூறுகள் நாட்கூறுகளை விட அதிகமாகக் குறைய வேண்டும். குழாயின் துளைக்குச் செய்த அதே கணக்குத்தான், துளையின் இடத்தில் குடாவின் வாய். குணகங்களைக் காணுமுன் அந்தக் கணக்கைச் செய்து, எதிர்பார்க்கும் விகிதத்தைத் தாளில் எழுதி, திகதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.